அம்மா போன்ல கட்டம் கட்டமா வந்த மெசேஜ்

மூணு வாரமா மனசுல கிடந்து அரிச்சுட்டே இருக்கு, எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எங்கம்மாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு, கீழ் வலது கடவாய்ப்பல்லுல ரூட் கனால் பாதில நிக்கறப்ப பாலக்காட்டுல ஒரு பல் கிளினிக்ல அவங்க பேரை லிஸ்ட்லருந்து எடுத்துட்டாங்க. அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரலயாம், அதான் காரணம்.

நாங்க இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கம். சித்தூர் தாலுகா (ஆந்திரா சித்தூர் இல்லீங்க, பாலக்காடு ஜில்லா சித்தூர்). தெரியாதவங்களுக்கு சொல்றேன், 1956ல மாநிலம் பிரிச்சப்ப நாங்க கேரளாவுக்குள்ள வந்தோம், அதுக்கு முன்னாடி இந்த சித்தூர் கொச்சி ராஜ்யத்துல இருந்தது, ஆனா வீட்டுல சந்தைல தோட்டத்துல எல்லாம் தமிழ்தான். அம்மா அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவங்க. மலையாளம் பேசறது அவங்களுக்கு தண்ணிபட்ட பாடு, கள்ளு தோப்புல வேலை செஞ்ச காலத்துல இருந்து பேசிப் பழகினது, சண்டையே போடுவாங்க மலையாளத்துல. எழுத்து மட்டும் தெரியாது. பஸ் போர்டைக் கூட படிக்க மாட்டாங்க, பஸ்ஸோட கலரை வெச்சும் கண்டக்டர் கத்தறதை வெச்சும்தான் ஏறுவாங்க. இத்தனை வருசத்துல அதனால ஒரு நாளும் தப்பான பஸ்ல ஏறினதில்ல.

போன மாசம் 4ம் தேதி புதன்கிழமை முதல் சிட்டிங். நானும் லீவு போட்டுட்டு கூட போனேன். டாக்டர் நல்லாத்தான் பாத்தாரு, மரத்துப்போற ஊசி போட்டு, பல்லைத் தொறந்து, உள்ள இருந்த நரம்பையெல்லாம் எடுத்து, குழாய் மாதிரி இருக்கற வேரை கழுவி, உள்ள மருந்து வெச்சு மேல வெள்ளையா ஒரு டெம்பரரி ஃபில்லிங் போட்டு அடைச்சாரு. கீழ்க் கடவாய்ப்பல்லுக்கு வேர் ரெண்டுதான், உள்ள ஓடற குழாய் பெரும்பாலும் மூணு இருக்கும், அதனாலதான் நேரமாகுதுன்னு பொறுமையா சொன்னாரு. "14ம் தேதி சனிக்கிழமை பத்தரைக்கு வாங்கம்மே, அன்னிக்கு முடிச்சு அடைச்சுடலாம், அப்புறம் கேப்" அப்படின்னாரு (கேப்னா பல்லு மேல மாட்டற உறை). 3,000 ரூபா கட்டினோம். அம்மா வீட்டுக்கு வந்த உடனே காலண்டர்ல சனிக்கிழமைக்கு சிவப்பு பேனால வட்டம் போட்டாங்க. அந்தத் தாளை நான் கிழிக்காம பத்திரமா வெச்சிருக்கேன்.

சனிக்கிழமை எனக்கு கோயம்புத்தூர்ல ஸ்டாக் கணக்கு, லீவு கிடைக்கல. (நான் வேலந்தாவளம் வழியா உக்கடம் போயி தினமும் வந்துட்டிருக்கேன், ஜவுளிக்கடைல கணக்கு எழுதறேன்.) அம்மா தனியா போனாங்க. எட்டரைக்கே கிளம்பி, பத்து மணிக்கெல்லாம் கிளினிக்ல போயி உக்காந்துட்டாங்க. ஒரு மணி நேரம் உக்காந்து, யாரும் கூப்பிடலேன்னு போயி கேட்டதுக்கு கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, உங்களுக்கு வியாழக்கிழமை 12ம் தேதிக்கு மாத்திட்டோமே, நீங்க வரல, இனி உங்க பேர் லிஸ்ட்ல இல்ல, வேற எங்கயாவது பாத்துக்கோங்கன்னு சொல்லிருக்கு. டாக்டரை ஒரு நிமிசம் பாத்துட்டுப் போறேன்னு அம்மா கேட்டிருக்காங்க. முடியாதுன்னுட்டாங்க.

எனக்கு மதியம் போன் பண்ணி "கண்ணு, என் பேரை வெட்டிட்டாங்களாம்"னு சொன்னாங்க. ரேசன் கார்டுல பேர் வெட்டிட்டாங்கன்னு சொல்றாங்களேன்னு நினைச்சு முதல்ல எனக்குப் புரியவே இல்ல. அழுகலை, கோவப்படவும் இல்ல, ஏதோ இவங்க மேல தப்புங்கற மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினாங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.

ராத்திரி வந்து அம்மா போனை வாங்கிப் பாத்தேன். பட்டன் போன். செவ்வாய்க்கிழமை ஒரு மெசேஜ் வந்திருக்கு. முழுக்க கட்டம் கட்டமா இருக்கு, நடு நடுல 12ன்னும் 10.30ன்னும் எண்ணு மட்டும் தெரியுது. அந்தப் போன்ல மலையாள எழுத்தே கிடையாது, அதான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காலிக் கட்டம். அம்மாகிட்ட இதைப் பாத்தீங்களான்னு கேட்டா, "பாத்தேன் சாமி, ரீசார்ஜ்க்காரன்னு நினைச்சு விட்டுட்டேன்"ங்கறாங்க. வேற என்ன நினைப்பாங்க? நான் அந்த சிம்மை என் போன்ல போட்டு கிளினிக்ல கேட்டு அதே மெசேஜை அந்த நம்பருக்கு திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிப் படிச்சேன் (நான் பத்தாவது வரைக்கும் மலையாளமும் படிச்சிருக்கேன்). டாக்டர் சனிக்கிழமை வெளியூர் போறதால வியாழக்கிழமை பத்தரைக்கு மாத்திருக்கு, வராதவங்களோட பதிவு ரத்து ஆகும்னு இருந்தது. அதாவது தேதியை மாத்தினது அவங்க. தேதி மாத்தினதை எங்கம்மா படிக்க முடியாத எழுத்துல, அவங்க போன்ல தெரியவே தெரியாத எழுத்துல அனுப்பிட்டு, வரலேன்னு பேரை எடுத்ததும் அவங்க.

டாக்டர் பக்க நியாயமும் எனக்குப் புரியாம இல்ல. ரூட் கனாலுக்கு ஒரு ஆளுக்கு முக்கா மணி ஒரு மணி நேரம் ஒதுக்கி வெக்கணும், சேர் காலியா கிடந்தா வாடகையும் நர்ஸ் சம்பளமும் நிக்காது, சும்மா சும்மா வராம இருக்கறவங்களும் இருக்கத்தான் செய்றாங்க. லண்டன் பக்கம் இருக்கற எங்க சித்தி பையன்கிட்ட இதைச் சொன்னப்ப, அங்கயும் இது உண்டுக்கா, அரசாங்க செலவுல பாக்கற பல் கிளினிக்ல சொல்லாம வராம இருந்தா இனிமே உன்னை என்ஹெச்எஸ்ல (அங்கத்த அரசு மருத்துவத் திட்டம்) பாக்க முடியாதுன்னு சொல்லிடுவாங்க, ஆனா அதுக்குன்னு அபராதம் வாங்க மட்டும் விதி கிடையாதுன்னான். அப்படி ஒருத்தரு விட்டுட்டா இன்னொரு இடம் கிடைக்கறது அங்க பெரிய பாடாம். சரி, ஆனா வராம இருக்கறவங்களுக்குப் போட்ட விதி இது, இவங்க வந்து உக்காந்திருக்காங்களே. ஒரு மணி நேரம் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தவங்களை எப்படி வராதவங்கன்னு எழுத முடியும்?

பாதி செஞ்ச பல்லை அப்படியே விட்டா என்ன ஆகும்ங்கறது டாக்டருக்குத் தெரியாதா. டெம்பரரி ஃபில்லிங்குன்னா அது கொஞ்ச நாளைக்குத்தான், மெல்ல மெல்ல தேய்ஞ்சு ஓரத்துல இடைவெளி விழும், எச்சில் உள்ள இறங்கும், அதோட கிருமியும் இறங்கி கழுவி வெச்ச வேர் மறுபடியும் கெட்டுப்போகும். நரம்பு எடுத்த கடவாய்ப்பல்லு கேப் போடாம இருந்தா கடிக்கறப்ப பொளந்துக்கவும் வாய்ப்பு அதிகம். சுகர் இருக்கறவங்களுக்கு வாய்ல கிருமி சேந்தா ஆற நாளாகும், சுகரும் ஏறும். அம்மாவுக்கு அதேதான் ஆச்சு. அடுத்த வாரத்துலயே ஃபில்லிங் ஒரு ஓரம் கழண்டு வந்துருச்சு, கிராம்பை கடிச்சுட்டு ரெண்டு ராத்திரி உக்காந்தே இருந்தாங்க, மூணாவது நாள் கன்னம் வீங்கிருச்சு.

விதின்னு பாத்தா இந்த ஊருலயே விதி இருக்கு. டாக்டர்களுக்கான 2002ம் வருச ஒழுக்க விதிகள்ல, யாரைப் பாக்கறதுன்னு முடிவு பண்ற உரிமை டாக்டருக்கு உண்டு, ஆனா பாக்க ஆரம்பிச்சபிறகு அந்த நோயாளிக்கும் குடும்பத்துக்கும் போதிய அவகாசம் வெச்சு சொல்லாம விலகக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. பல் டாக்டர்களுக்கு தனியா 2014ல விதிகள் வந்தது, அதுலயும் நோயாளியை அலட்சியமா விடக்கூடாதுங்கறது உண்டு. குடும்பத்துக்குச் சொல்லணும்ங்கறாங்க பாருங்க, முதல் நாளே ஃபாரத்துல என் நம்பரையும் எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். எனக்கு ஒரு கால் வரல.

அப்புறம் மொழி. கேரளாவுல 1969 ஆட்சிமொழிச் சட்டத்துலயே தமிழும் கன்னடமும் பேசற சிறுபான்மைக்காரங்க அரசாங்கத்துக்கு அவங்க மொழியிலயே எழுதலாம்னு இடம் குடுத்திருக்கு. அது அரசு ஆபீசுக்கு, தனியார் கிளினிக்கை அது கட்டாது, ஒத்துக்கறேன். ஆனா அந்த கிளினிக்குக்கு வர்றவங்கள்ல எத்தனை பேர் எங்க பக்கத்து ஆளுங்கன்னு அந்த பெஞ்சுல அஞ்சு நிமிசம் உக்காந்து காது குடுத்தாலே தெரியும். காசு வாங்கறப்ப கவுண்டர்ல அழகா தமிழ்ல பேசினாங்களே. தமிழ்ல மெசேஜ் அனுப்புங்கன்னு கூட நான் கேக்கல, அம்மா போன்ல தமிழும் கட்டமாத்தான் வந்திருக்கும். ஒரு போன் பண்ணிருந்தா போதும். "அம்மே, வியாழக்கிழமை வரணே"ன்னு மலையாளத்துலயே சொல்லிருந்தாலும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும், பதில் மலையாளத்துலயே சொல்லிருப்பாங்க.

வீக்கத்தோட நான் தாலுகா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். ஓபி சீட்டு எடுத்து வரிசைல நின்னு பாத்தோம், அங்க இருந்த பல் டாக்டரம்மா சின்ன வயசுதான், சுகர் பாத்து (210 இருந்தது), மாத்திரை குடுத்து, வீக்கம் வத்தினதும் மறுபடியும் தொறந்து கழுவி மருந்து வெச்சாங்க. பழைய எக்ஸ்ரே இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க. அதுக்காக நான் ரெண்டு தடவை அந்தக் கிளினிக்குக்குப் போனேன். முதல் தடவை டாக்டர் இல்லேன்னாங்க. ரெண்டாவது தடவை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், ஒரு பக்கம் மலையாளம், பின்பக்கம் தமிழ்: அம்மா 14ம் தேதி வந்தது, மெசேஜ் படிக்க முடியாம போனது, எக்ஸ்ரே வேணும், செய்யாத வேலைக்கான பணம் வேணும், வேற யாருக்கும் இப்படி ஆகாம இருக்க தேதி மாத்தினா போன் பண்ணுங்க. கவுண்டர் பொண்ணு அதை வாங்கி தமிழ்ப் பக்கத்தைத்தான் முதல்ல படிச்சுது. படிச்சுட்டு மெல்ல, "அக்கா நான் வண்ணாமடை, எங்க ஆத்தாவும் இப்படித்தான், படிக்கத் தெரியாது. அன்னிக்கு நான் லீவு"ன்னுச்சு. வேற ஒண்ணும் பேசல. உள்ள போயி எக்ஸ்ரேவைக் கொண்டாந்து குடுத்துச்சு.

தாலுகா ஆஸ்பத்திரில போன வாரம் வேரை அடைச்சு முடிச்சாச்சு. கேப்பை மட்டும் வெளில போடணும், அதுக்கு கோயம்புத்தூர்ல விசாரிச்சுட்டிருக்கேன். அம்மா போகுறதுக்கு முன்னாடியே "அங்க மெசேஜ் அனுப்புவாங்களா கண்ணு"ன்னு கேக்கறாங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை போனை எடுத்து எடுத்துப் பாக்கறாங்க. ரீசார்ஜ் மெசேஜ் வந்தாக்கூட இப்ப என்கிட்ட கொண்டாந்து காட்டறாங்க.

நாங்க கட்டின 3,000ல பாதியாவது திரும்ப வரணும். டாக்டர்கிட்ட கேட்டு சொல்றேன்னாங்க, பத்து நாளாச்சு. ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு, திங்கக்கிழமை எனக்கு அரை நாள் கிடைக்கும், அந்த வட்டம் போட்ட காலண்டர் தாளையும் எடுத்துட்டுப் போறேன்.