மின்னலும் என் தும்மலும்

எங்கள் வீட்டில் பூனை ஒன்று இருக்கிறது என்பதற்கு முதல் வாரம் முழுவதும் ஒரே ஓர் ஆதாரம்தான் இருந்தது: அதன் கழிப்பறையான மணல் தட்டு. காலையில் எழுந்ததும் குடும்பமே அதைச் சுற்றி நின்று குனிந்து பார்ப்போம். "இருக்கிறது!" என்பாள் மகள். எல்லோர் முகத்திலும் நிம்மதி படரும். மற்ற வீடுகளில் காலையில் முதலில் செய்தித்தாளைப் பார்ப்பார்கள். நாங்கள் இதைப் பார்த்தோம்.

பூனையைத் தத்தெடுக்கலாம் என்றது நான்தான். ஆகவே பழியும் எனக்கே. காப்பகத்தில் மற்றப் பூனைகள் எல்லாம் கம்பிக்கு வெளியே காலை நீட்டி ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்று மட்டும் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. "இதுதான் வேண்டும்" என்றாள் மகள். "கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றார் காப்பகத்துப் பெண்மணி. 'கொஞ்சம்' என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் என்ன பொருள் என்பது அன்று மாலையே விளங்கிவிட்டது.

கூடத்தின் நடுவில் கூடையை வைத்தோம். நான், மனைவி, மகள், அம்மா என நால்வரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். திறப்பு விழாவுக்குக் கத்தரிக்கோல் ஒன்றுதான் குறை. கதவைத் திறந்தேன். ஏதோ ஒன்று போயிற்று. அவ்வளவுதான் சொல்ல முடியும். இடப்பக்கம் போனதாக நானும் வலப்பக்கம் போனதாக மனைவியும் இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறோம். பெயர் வைப்பது பற்றி இரண்டு நாட்களாக நடந்த சண்டை மட்டும் அந்த நொடியில் முடிந்தது. மின்னல்.

இரண்டரை மணி நேரம் தேடினோம். கடைசியில் என் வேலை அறையில், புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியில் இரண்டு கண்கள் தெரிந்தன. பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு பிணையாமல் தசைக்குள் மிதந்துகொண்டிருக்கும். தலை நுழைகிற இடத்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, பூனை நுழைந்த இடத்தில் என் முழங்கை நுழையவில்லை என்பதும், முக்கி நுழைத்த பிறகு அது வெளியே வரவில்லை என்பதும்தான்.

காப்பகத்துக்குத் தொலைபேசினேன்.

"வீடு முழுவதையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டீர்களா?" என்றார் அந்தப் பெண்மணி. குரலில் ஆசிரியை தொனி. "ஓர் அறை சார். ஒரே ஓர் அறை. ஒரு பக்கம் சாப்பாடும் தண்ணீரும். எதிர்மூலையில் மணல் தட்டு. ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. கதவைச் சாத்திவிடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருக்க வேண்டும். முடியுமா?"

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "அதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு" என்றாள்.

அறையைத் தேர்ந்தெடுக்கும் சிரமத்தை மின்னல் எங்களுக்கு வைக்கவில்லை. என் மேசை, என் நாற்காலி, என் மின்விசிறி எல்லாம் அன்றே அதன் பெயருக்கு மாறின. நான் மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயர்ந்தேன். ஒளிவதற்குப் பழைய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் வெட்டி வைத்தேன். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் பெட்டி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. பெட்டி கிடைத்தவற்றுக்குப் பதற்றம் சீக்கிரம் தணிந்ததாம். அதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டிக்குத் தனி மரியாதை. இரவோடு இரவாக மின்னலும் அலமாரிச் சந்திலிருந்து அதற்குள் மாறிக்கொண்டது. வெளியே மிக்ஸியின் வண்ணப்படம். உள்ளே, கருவிழி முழுக்க விரிந்து கறுத்த இரண்டு கண்கள்.

"நீ பூனை கொண்டுவந்தாயா, பெட்டி கொண்டுவந்தாயா?" என்றார் அம்மா.

இனி ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பது வேறு, ஒன்றும் செய்யாமல் இருப்பது வேறு என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலாவதில் எனக்கு இணை கிடையாது. இரண்டாவதில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு முறை போனேன். தண்ணீர் இருந்தது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை போனேன். ஒவ்வொரு முறையும் பெட்டி வாசலில் குனிந்து, தேன் சொட்டும் குரலில், "பயப்படாதே, பயப்படாதே" என்றேன். "அந்தக் குரலில் என்னிடம் பேசினால் நானும் பெட்டிக்குள் போய்விடுவேன்" என்றாள் மனைவி.

மணல் விஷயத்தில் நான் செய்தது இன்னும் மோசம். காப்பகத்தில் போட்ட அதே மணலைப் போடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். புது வீட்டுக்கு வருகிறதே, உயர்வாக இருக்கட்டும் என்று பூ மணம் வீசும் மணலை வாங்கிப் பரப்பினேன். மோப்ப சக்தியில் நம்மைப் பல மடங்கு மிஞ்சிய பிராணிக்கு அது எப்படி இருந்திருக்கும்? வாசனைத் திரவியக் குப்பியை மூக்கருகே உடைத்த மாதிரிதான். மின்னல் தன் கருத்தை மறுநாள் காலை நாற்காலியில் தொங்கிக் கீழே விழுந்திருந்த என் சட்டையின் மேல் தெரிவித்திருந்தது. பழைய மணலைத் தேடிப்பிடித்துக் கொட்டினேன். பிறகு தட்டை விட்டு அது அகலவே இல்லை. சட்டையை மட்டும் மூன்று முறை துவைத்தும் நான் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாடுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து ஆபத்தாகிவிடலாம்; பருத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். "ஒரு நாள் முழுக்க வாயே வைக்கவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள்" என்றிருந்தார் கால்நடை மருத்துவர். அம்மா தன் பங்குக்குக் கிண்ணத்தில் பாலோடு கிளம்பினார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நம் ஊரில் கேட்பது வழக்கம். குடிக்கும், ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது, குடித்தால் வயிற்றால் போகும். இதை நான் விளக்கியதும் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பாலைக் கண்டுபிடித்தவர்களையே நான் அவமதித்துவிட்டது போலிருந்தது.

சமையலறைத் தராசில் 40 கிராம் உணவை நிறுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் நிறுத்தால் 31. ஒன்பது கிராம்! மனைவி தன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். மகள் பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணை அவள் இவ்வளவு உற்சாகமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

இதற்குள் வீட்டின் நடைமுறையே மாறிவிட்டது. அழைப்புமணியின் இணைப்பைத் துண்டித்தோம். பாத்திரங்களைக் கைக்குழந்தை போலக் கீழே வைத்தோம். மிக்ஸி ஓடாமல் என்ன சமைக்க முடியுமோ அதை மட்டும் சமைத்தோம். பூனைநடை என்பார்களே, அதை அந்த வீட்டில் பூனையைத் தவிர மற்ற நால்வரும் பயின்றோம்.

நான்காம் நாள் இரவு. நான் அறையின் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தேன், பெட்டியைப் பார்க்காத மாதிரி. வாசலில் முதலில் மீசை தெரிந்தது. பிறகு ஒரு கால். தரையைத் தொட்டுவிட்டு, சூடு பட்டதுபோல் உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது. பிறகு இரண்டாவது கால். இரண்டு கால்களும் வெளியே! என் மூச்சு நின்றது. மூக்கு நிற்கவில்லை.

என் தும்மலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். பூனைக்கு 60,000-ஐயும் தாண்டி, எலிக்குஞ்சின் கீச்சொலிவரை எட்டும். என் தும்மலுக்கு அப்படிப்பட்ட காதெல்லாம் தேவையில்லை. அடுத்த வீட்டிலிருந்து அதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை விசாரித்திருக்கிறார்கள்.

தும்மினேன். பெட்டி ஓர் அடி நகர்ந்தது. மின்னல் அதற்குப் பிறகு இரண்டு நாட்கள், நான் அறையில் இருக்கும்போது மீசையைக்கூட வெளியே காட்டவில்லை. அந்த இரண்டு நாட்களும் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"உங்கள் குரலுக்குப் பழகட்டும், ஏதாவது சத்தமாகப் படியுங்கள்" என்றார் காப்பகத்துப் பெண்மணி. கையில் கிடைத்தது துவைக்கும் இயந்திரத்தின் கையேடு. தினமும் இரவு அரை மணி நேரம், தரையில் படுத்தபடி, தாலாட்டுப் பாடும் குரலில், "வடிகுழாயை மடக்காமல் வைக்கவும். ஈரக்கையால் மின்செருகியைத் தொடாதீர்கள்" என்று படித்தேன். ஒன்பது மொழிகளில் எச்சரிக்கை இருந்தது. தெரிந்த இரண்டிலும் படித்தேன். கதவுக்கு வெளியே மனைவி நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போன ஓசை கேட்டது.

இன்னொரு வித்தை, கண்ணை மெதுவாக மூடித் திறப்பது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்கும் என்று பூனையைக் கேலி செய்வோம். உண்மையில் தன் எதிரே ஒருவர் நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தால், இவரால் ஆபத்தில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது போலும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் செய்தபோது பூனைகளும் கண்ணை இடுக்கிப் பதில் சொன்னதும், முன்பின் அறியாதவரின் நீட்டிய கைக்கு அருகில் வரக் கூடுதலாக முன்வந்ததும் தெரியவந்தது. நான் இரவு பகலாகப் பயிற்சி செய்தேன். பழக்கம் விடவில்லை. காணொளிக் கூட்டத்தில் மேலாளர் காலாண்டுக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் அவரைப் பார்த்து மெதுவாக மூடித் திறந்திருக்கிறேன். "உடம்பு சரியில்லையா?" என்றார். அவர் பதிலுக்குக் கண்ணை மூடித் திறக்கவில்லை.

ஆனால் முதலில் பலன் கண்டவர் நான் இல்லை. "பூனையென்றால் எனக்கு ஆகாது" என்று முதல் நாளிலிருந்து சொல்லிவந்த அம்மா, ஒன்பதாம் நாள் மாலை, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த அறையில் போய் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது, அவர் காலிலிருந்து ஒரு முழ தூரத்தில் முழுப் பூனை உட்கார்ந்திருந்தது. வால் உட்பட. அம்மா செய்தித்தாளைத் தாழ்த்தி, "என்ன?" என்றார். மின்னல் வாலை ஒரு முறை அசைத்தது. "சரி" என்று மறுபடி படிக்கத் தொடங்கினார்.

எனக்கான முறை பன்னிரண்டாம் நாள் வந்தது. தலைக்கு மேலிருந்து கை வந்தால் பூனை அரளும் என்பதால் சுட்டுவிரலை அதன் மூக்கின் உயரத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்திருந்தேன். கை மரத்துப்போனது. அப்போது விரல் நுனியில் ஈரமாக, சில்லென்று ஏதோ பட்டது. ஒரு கடுகளவு இடம், கால் நொடி நேரம். அன்று முழுக்க அந்த விரலை நான் கழுவவில்லை என்பதை மனைவியிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் அறைக் கதவைத் திறந்து வைத்தோம். வயிறு தரையில் உரச, சுவரோரமாக, வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்தது மின்னல். பூனையின் கன்னத்திலும் மோவாயிலும் மணச்சுரப்பிகள் உண்டு. எதன்மேல் தேய்க்கிறதோ அதைத் தன் உலகத்தில் சேர்த்துக்கொள்கிறது என்று பொருள். யாருக்கு அந்த முதல் முத்திரை என்று நால்வரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். சமையலறை மேடைமேல் தாவி, யாருக்காக மூன்று வாரம் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டோமோ அந்தப் பூனை, மிக்ஸியின் மேல் கன்னத்தை வைத்து ஆசையாகத் தேய்த்தது. தினமும் தான் தூங்கும் பெட்டியின் வாடை அதில் இருந்திருக்கலாம். அதை ஓடவிட்டபோது நடந்தது வேறு கதை.

ஐந்தாவது வாரம், விடியற்காலை நான்கு மணி. பூனைகளுக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பான வேளை. கட்டிலில் ஏறி, என் வயிற்றின் மேல் நின்று, முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோல் மாற்றி மாற்றி அமுக்கியது மின்னல். பிறகு சுருண்டு படுத்தது. தொண்டைக்குள்ளிருந்து அந்த உறுமல் கிளம்பி என் விலா எலும்பில் அதிர்ந்தது. மனைவியை எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். சரியாக அப்போது மூக்குக்குள் ஒரு முடி.

மூக்கைப் பிடித்தேன். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். துவைக்கும் இயந்திரத்தின் எச்சரிக்கைகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். பயனில்லை. தும்மல் வந்தது, அடக்கிவைத்த வட்டியோடு. நான்கு கால்களின் நகங்களும் என் வயிற்றில் ஒரு கணம் ஊன்றி, மின்னல் மறைந்தது.

"போச்சு. இரண்டு நாள்" என்றாள் மனைவி இருட்டில்.

நான் கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன். பதினோரு நிமிடத்தில் கட்டில் விளிம்பில் இரண்டு காதுகள் எழுந்தன.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். பதற்றம் குறைய, பழக, தன் வீடென்று நினைக்க. மூன்று மாதம் போன வாரத்தோடு முடிந்தது. அழைப்புமணி மறுபடி அடிக்கிறது. நேற்று மதியம் நான் நாற்காலியில் இருந்தேன், மின்னல் என் மடிக்கணினி மேல் இருந்தது. தும்மினேன், முழு பலத்தோடு. அடுத்த அறையில் அம்மா திடுக்கிட்டு, "ஏண்டா!" என்றார். மின்னலின் இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது. கண்ணைத் திறக்கவில்லை. காது திரும்பவும் பழைய இடத்துக்குப் போயிற்று.