டி.ஏ.டி. கதையில் தேவையும் அழுத்தமும்: எங்கள் பிராக்டிகலில் நான் பிரித்த விதம்

எங்கள் எம்.எஸ்சி. சைக்காலஜி பிராக்டிகலில் பலருக்கும் வயிற்றைக் கலக்குவது டி.ஏ.டி. (Thematic Apperception Test) என்ற ஆளுமைச் சோதனைதான். படத்தைக் காட்டிக் கதை வாங்குவதுகூடப் பரவாயில்லை. வாங்கிய கதையில் தேவை எது, அழுத்தம் எது என்று பிரித்து எழுதும் இடத்தில்தான் ஆளாளுக்குத் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஜூனியர்கள் திரும்பத் திரும்ப இதையே கேட்பதால், வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

அடிப்படை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். உளவியலாளர் ஹென்றி மர்ரேயும் அவருடன் வேலை பார்த்த கிறிஸ்டியானா மார்கனும் ஹார்வர்டில் உருவாக்கிய சோதனை இது. முதல் கட்டுரை 1935-இல் வந்தது, இன்று நாம் கையில் வைத்திருக்கும் அட்டைகளும் கையேடும் 1943-இல் வந்தவை. மொத்தம் 31 அட்டை, அதில் 16-ஆம் அட்டை வெறும் வெள்ளை. ஒருவருக்கு 20 அட்டை, இரண்டு அமர்வாகப் பிரித்து, என்பது மர்ரே சொன்ன முறை. எங்கள் துறையில் பத்தோடு நிறுத்திக்கொள்வோம். படத்தில் என்ன நடக்கிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது, முடிவு என்ன, இந்த நாலும் வருகிற மாதிரி ஒரு கதை சொல்லச் சொல்வோம். கதை சொல்பவர் யாரோடு தன்னைப் பொருத்திக்கொள்கிறாரோ அவர்தான் நாயகன். அந்த நாயகனுக்கு உள்ளிருந்து எழுவது தேவை, வெளியிலிருந்து அவன் மேல் வந்து படுவது அழுத்தம், இரண்டும் மோதிக் கிடைப்பது 'தீமா'.

அழுத்தம் என்றதும் கொடுமை, மிரட்டல் என்று போய்விடாதீர்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பதும் அழுத்தம்தான், நண்பன் தோளில் கை போடுவதும் அழுத்தம்தான். அரவணைப்பு, ஆதிக்கம், தாக்குதல், புறக்கணிப்பு, இல்லாமை அல்லது இழப்பு, உடலுக்கு வரும் ஆபத்து என்று மர்ரேயின் பட்டியல் போகிறது. ஆதிக்கத்துக்குள்ளேயே வற்புறுத்துவது, தடுப்பது, நயமாகப் பேசி இணங்க வைப்பது என்று மூன்று வகை. நம் ஊர்க் கதைகளுக்கு இந்த மூன்றாவது வகை மிக முக்கியம், கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

ஆள் பிடிப்பதில் ஒரே விதி, தெரிந்தவர் கூடாது. ஹாஸ்டல் தோழியை உட்கார வைத்தால் அவள் கதையைக் கேட்காமல் அவளைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் எழுதுவோம். எனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாக, அம்பத்தூர் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுக்குப் படிக்கும் ஒரு அண்ணன் கிடைத்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், இந்தக் கதையை எழுத அவரிடம் கேட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம், ஆய்வகத்தின் மூலையில் இரண்டு நாற்காலி, வெளியே மின்சார ரயில் போய்க்கொண்டே இருந்தது. எதிரெதிராக உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் "சரியாச் சொல்றேனா?" என்று நம் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்துகொண்டே தாளிலும் எழுதினேன். எங்கே நிறுத்தினார், எங்கே தொண்டையைச் செருமினார், எங்கே அட்டையைத் திருப்பிப் பார்த்தார் என்பதும் தாளில் வர வேண்டும், பின்னால் மதிப்பெண் போடும்போது அதெல்லாம் கை கொடுக்கும்.

முதல் அட்டையை மட்டும் விவரிக்கிறேன், ஏனென்றால் அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. மற்ற படங்களைப் பொதுவில் விவரிப்பது நாளைக்கு இந்தச் சோதனைக்கு உட்காரப் போகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஒரு சிறுவன் மேஜை மேல் இருக்கும் வயலினைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் சிறுவனாக இருந்தபோது எடுத்த புகைப்படத்தைப் பார்த்து மார்கன் வரைந்த படம் அது. அண்ணன் சொன்ன கதை அப்படியே:

"சின்னப் பையன். இவங்க அப்பா கடன் வாங்கி இந்த வயலின வாங்கிக் குடுத்திருக்காரு. இவனுக்குக் கீழ போய் விளையாடணும், பசங்க கிரிக்கெட் ஆடுற சத்தம் கேக்குது. ஆனா அப்பா வர்றதுக்குள்ள அந்தப் பாட்ட வாசிச்சுக் காட்டணும். கம்பி ஒண்ணு அறுந்துபோச்சு. சொன்னா அப்பா திட்ட மாட்டாரு, ஆனா மூஞ்சி சுருங்கிடும். அதான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான்... (நீண்ட அமைதி) அம்மா சாப்பிடக் கூப்பிடுவாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு எந்திரிச்சுப் போயிடுவான். பின்னாடி பெரிய ஆளா வருவான். வயலின்ல இல்ல, வேற ஏதாவதுல."

இதைப் படித்ததும் கை தானாக எழுதப் போவது 'சாதனைத் தேவை'. பெரிய ஆளா வருவான் என்கிறாரே, அது போதாதா? போதாது. சாதனைக்காக அந்தப் பையன் கதைக்குள் என்ன செய்கிறான் என்று பாருங்கள்: ஒன்றும் செய்யவில்லை. கம்பியை மாட்டப் பார்க்கவில்லை, யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை, மீதிக் கம்பிகளில் வாசித்தும் பார்க்கவில்லை. நடுவில் எதுவும் இல்லாமல் கடைசியில் ஒட்டவைத்த வெற்றி அது. மர்ரே முறையில் ஒவ்வொரு தேவைக்கும் அழுத்தத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் உண்டு. தீவிரம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எத்தனை முறை வருகிறது, கதைக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வைத்துப் போட வேண்டும். சாதனைக்கு ஒன்று போட்டேன். கிரிக்கெட் சத்தம் கேட்கிறது, விளையாட்டுத் தேவைக்கு இரண்டு. செயலற்று இருத்தல் என்று கையேட்டில் ஒரு தேவை இருக்கிறது, பலரும் கண்டுகொள்வதே இல்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து போகிறான், அதற்கு நான்கு.

அழுத்தம் பக்கம் வாருங்கள், கதையின் உயிரே அங்கேதான். கடன் வாங்கி வாங்கிக் கொடுத்த அப்பா: அரவணைப்பு. வருவதற்குள் வாசித்துக் காட்ட வேண்டும்: ஆதிக்கம், அதுவும் நான் சொன்ன மூன்றாவது வகை. கடன், அறுந்த கம்பி: இல்லாமையும் இழப்பும். நான் வாங்கிய இந்தக் கதையை நானும் வகுப்புத் தோழி ஒருத்தியும் தனித்தனியாக மதிப்பிட்டுப் பிறகு ஒப்பிட்டோம். எல்லோரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அவள் அப்பாவுக்கு ஆதிக்கம் நான்கு போட்டு அரவணைப்பை விட்டிருந்தாள், நான் அரவணைப்புக்கு நான்கும் ஆதிக்கத்துக்கு மூன்றும். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் இரண்டையும் எழுதினோம், காரணம் இந்தக் கதையில் அவை ஒரே ஆளிடமிருந்து ஒரே செயலாக வருகின்றன. திட்டுகிற அப்பாவாக இருந்தால் பையன் எதிர்த்துப் பேசலாம், ஓடிப் போகலாம். முகம் சுருங்குகிற அப்பாவிடம் எதைச் செய்வான்? அதனால்தான் உட்கார்ந்தே இருக்கிறான். தேவையை மட்டும் பட்டியல் போட்டால் 'சோம்பேறிப் பையன்' என்று வரும், அழுத்தத்தை எதிரில் வைத்துப் படித்தால்தான் அந்த உட்கார்ந்திருத்தல் ஏன் என்று புரியும்.

மர்ரே அழுத்தத்தில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு சொல்கிறார். நிஜத்தில் இருப்பது ஆல்ஃபா, சம்பந்தப்பட்டவருக்குத் தோன்றுவது பீட்டா. கதையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பீட்டாதான். "மூஞ்சி சுருங்கிடும்" என்பது பையனின் ஊகம், அப்பா இன்னும் வீட்டுக்கே வரவில்லை. ஆகவே "இவருடைய தந்தை இப்படிப்பட்டவர்" என்று ரிப்போர்ட்டில் எழுத நமக்கு உரிமையே கிடையாது. "பிறருடைய எதிர்பார்ப்பை இவர் இவ்வாறு உணர்வதாகத் தோன்றுகிறது" என்பதோடு நிறுத்த வேண்டும். ஆல்ஃபாவுக்கு வாழ்க்கைக் குறிப்பும் நேர்காணலும் வேண்டும்.

அடுத்த வேலை, எனக்கு மிகவும் உதவியது. எங்கள் வகுப்பில் எல்லோரும் முதல் அட்டைக்கு வாங்கிய கதைகளைப் பெயர் இல்லாமல் ஒன்றாகப் போட்டுப் படித்தோம். வேளச்சேரிக்காரரோ வண்ணாரப்பேட்டைக்காரரோ, கிட்டத்தட்ட எல்லோர் கதையிலும் பின்னால் ஒரு அப்பாவோ அம்மாவோ நின்றுகொண்டு வாசி வாசி என்கிறார். படிக்க வைக்கப் பெற்றோர் கடன் வாங்குகிற ஊரில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படி எல்லோரிடமும் வருவது அந்த அட்டையைப் பற்றியும் நம் ஊரைப் பற்றியும் சொல்கிறதே தவிர இந்த அண்ணனைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள்: அறுந்த கம்பி, திட்டாத அப்பா, அம்மா கூப்பிட்டதும் கிடைக்கும் விடுதலை. இவை மற்ற கதைகளில் இல்லை. இந்திய முகங்கள், உடைகள் கொண்டு உமா சௌத்ரி 1960-இல் செய்த மாற்றுப் படங்களும் உண்டு, ஆனால் எந்தப் படமானாலும் இந்தக் கழித்தல் வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

ஒரு கதையை வைத்து முடிவு கட்டுவதும் கூடாது. பத்துக் கதைக்கும் ஒரு பெரிய தாளில் அட்டவணை போட்டேன்: அட்டை எண், நாயகன், தேவை, அழுத்தம், முடிவு, தீமா. அண்ணனின் கதைகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சு: அன்பான ஒருவர் தன்னால் முடியாததைக் கொடுக்கிறார், நாயகன் கடன்பட்டவனாக உணர்கிறான், தள்ளிப் போடுகிறான், இன்னொருவர் வந்து அவனை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடுகிறார். ஆனால் நண்பர்கள் வரும் கதைகளில் இதே ஆள் முன்னால் நின்று முடிவெடுக்கிறார், சண்டையை விலக்குகிறார். அதையும் எழுதினேன். வெள்ளை அட்டைக்கு அவர் சொன்னது மெரினாவில் நண்பர்களோடு விடியற்காலை ஓடும் கதை, யாருக்கும் யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. கதைகளில் குறையை மட்டும் பொறுக்கி எழுதுகிற பழக்கம் ரெக்கார்டுகளில் நிறைய இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

இடையில் ஒன்று. பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையமான ஓ.டி.ஏ. கனவில், அதற்கான எஸ்.எஸ்.பி. தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள் "அக்கா, பாசிட்டிவா எப்படிக் கதை எழுதுறது?" என்று கேட்கிறார்கள். அங்கேயும் டி.ஏ.டி. உண்டு: படத்தை 30 விநாடி காட்டி நான்கு நிமிடத்தில் எழுதச் சொல்வார்கள், பதினொரு படம், கடைசியில் ஒரு வெற்றுப் படம். தேர்வுக்கான கதையும் பிராக்டிகலில் நாம் வாங்கும் கதையும் ஒரே மாதிரி படிக்கக்கூடியவை அல்ல. மனப்பாடமாக வருகிற நாயகன் எதையும் காட்டிக்கொடுக்க மாட்டான்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா நேராகக் கேட்டது, "இதையெல்லாம் எந்த அளவுக்கு நம்பலாம்?" லிலியன்ஃபெல்ட், வுட், கார்ப் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2000-இல் எழுதிய மதிப்பாய்வைச் சொன்னேன். சாதனைத் தேவைக்கான மதிப்பெண் முறை போன்ற சிலவற்றுக்குத்தான் ஓரளவு ஆதாரம் இருக்கிறது, மற்றபடி பயன்பாடு ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது அதன் சாரம். சாதனைத் தேவை என்றதும் அமெரிக்க உளவியலாளர் மெக்லெல்லண்ட் 1960-களில் காக்கிநாடா வியாபாரிகளுக்கு நடத்திய பயிற்சி பற்றியும் கேட்டார், படித்திருந்தேன், சொன்னேன். பிறகு என் ரிப்போர்ட்டைப் புரட்டி, "தோன்றுகிறது, இருக்கக்கூடும்னே எழுதியிருக்கியே, ஏன்?" என்றார். அட்டவணையை எடுத்து, எந்த வரிக்கு எந்த எந்த அட்டை ஆதாரம் என்று காட்டினேன். ஒரே அட்டையை நம்பி நின்ற வரிகளில்தான் 'இருக்கக்கூடும்' இருந்தது. தலையாட்டிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விட்டார்.

ஆகவே ரிப்போர்ட் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் அட்டை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், எண் எழுத முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். பதிவு செய்த ஆடியோவை ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியதும் அழித்துவிட வேண்டும், தாளில் பெயருக்குப் பதில் குறியீடு மட்டும் இருக்கட்டும். அண்ணனிடம் முடிவைச் சொல்ல என் கைடை (வழிகாட்டும் பேராசிரியரை) கேட்டுக்கொண்டுதான் போனேன். பெரிய வார்த்தை எதுவும் இல்லாமல், நண்பர்கள் வரும் கதைகளில் அவர் எப்படி இருந்தார், அப்பா வரும் கதைகளில் எப்படி இருந்தார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். மீதியை அவரே பேசினார், அது ரெக்கார்டில் இல்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.