தன்பாட்டில் மாறும் மாறியைக் கையும் களவுமாகப் பிடிப்பது

பரந்தன் பக்கம் ஒரு வயல் கிணற்று மோட்டருக்குக் கட்டுப்பாட்டு போர்டு பூட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். சிப் எஸ்.ரி.எம்.32எஃப்103. நீர்மட்டக் கீழெல்லையை வைத்திருக்கும் மாறி (வேரியபிள்) எப்போதாவது தன்பாட்டில் 0 ஆகிறது. மோட்டர் தண்ணியில்லாமல் ஓடுகிறது. வீட்டு மேசையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிரின்ட் வரிகளைத் தூவினால் நேரமும் நினைவக அடுக்கும் மாறி, பிழை இன்னும் ஒளிந்துகொள்ளும்.

இந்தச் சிப்பின் டி.டபிள்யூ.ரி (DWT) பகுதி, குறித்த நினைவக முகவரியைச் சிபியு தொடுகிறதா என்று வன்பொருளாலேயே கவனிக்கும். அதில் 4 ஒப்பீட்டிகள் உண்டு. மடிக்கணினி கிட்ட இருந்தால் ஜி.டி.பி (GDB) என்ற டிபக்கரின் வாட்ச் கட்டளை போதும்; மாறி மாறியதும் சிப்பை நிறுத்திக் காட்டும். பதிலில் 'ஹார்ட்வேர்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது, பயனில்லை. இன்னொன்று கட்டாயம்: மோட்டருக்கு மின் கொடுக்கும் கான்டாக்டரின் சுருள் வயரைக் கழற்றிவிடுங்கள். சிப்பின் கரு (சிபியு) நின்றாலும் ரிலே போட்டபடியே நிற்கும்.

வயலில் மடிக்கணினியைக் காவலுக்கு வைக்க முடியாது. அங்கே டிபக் மானிட்டர்தான் கைகொடுக்கும்: டி.டபிள்யூ.ரி எதையாவது பிடித்ததும், சிப்பை நிறுத்தாமல் உங்கள் செயற்கூறு ஒன்றை ஓட்டும் இன்டரப்ட் போன்ற வசதி இது. டெம்சிஆர் (DEMCR) ரெஜிஸ்டரில் 24ஆம், 16ஆம் பிட்களை 1 ஆக்குங்கள். பிறகு முதல் ஒப்பீட்டியின் ரெஜிஸ்டர்கள்: காம்ப்0இல் மாறியின் முகவரி, மாஸ்க்0இல் 2 (4 பைட்டும் அடங்கும்), ஃபங்ஷன்0இல் 6, அதாவது எழுதும்போது மட்டும். தொடக்க மதிப்பு போட்ட பிறகே இதைச் செய்யுங்கள். முறையாக மாற்றும் இடத்தில் ஃபங்ஷனை 0 ஆக்கி, பிறகு திரும்ப 6 ஆக்குங்கள். மானிட்டருக்கு ஆக உயர்ந்த முன்னுரிமை கொடுங்கள். இல்லையேல் ஓர் இன்டரப்ட் மாறியில் எழுதினால் அது அந்த இடத்திலேயே பிடிபடாது.

மானிட்டர் செயற்கூறில், ஸ்டாக்கில் சேமித்த 7ஆவது சொல்தான் பி.சி (PC), அதாவது அப்போது ஓடிய கட்டளையின் முகவரி. அதை இரண்டு 16 பிட் பேக்கப் ரெஜிஸ்டர்களில் பிரித்து எழுதுங்கள். சிப்பின் விபேட் (VBAT) காலில் பட்டன் பற்றரி இருந்தால் கரண்ட் போனாலும் அழியாது. பொறி பிடித்ததைக் குறிக்கும் டிஎஃப்எஸ்ஆர் (DFSR) ரெஜிஸ்டரின் 2ஆம் பிட்டை, அதில் 1 எழுதி அழிக்கவும் வேண்டும். கிடைக்கும் முகவரி, எழுதிய கட்டளையைத் தாண்டி ஓரிரு கட்டளை தள்ளியிருக்கும். அதே பில்டின் எல்ஃப் (ELF) கோப்பு, அதாவது கம்பைலர் தந்த முகவரி விவரங்கள் உள்ள கோப்பு, இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, பத்திரப்படுத்துங்கள்.

பலரைத் திண்டாட வைப்பது இது: புரோகிராம் ஏற்றியதும் டிபக்கரைக் கழற்றினால் மட்டும் போதாது, மானிட்டர் வேலை செய்யாது. டிபக்கர் போட்ட அனுமதி பிட் ரீசெட்டுக்கும் அழியாது. மின்னை முழுதாக நிறுத்தித் திரும்பக் கொடுங்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் மானிட்டர் எதையும் பிடிக்கவில்லை, மாறி மட்டும் மாறிவிட்டதா? டி.டபிள்யூ.ரி சிபியு எழுதுவதை மட்டுமே பார்க்கும்; சிபியு இல்லாமலே நினைவகத்தில் எழுதும் டிஎம்ஏயை (DMA) பார்க்காது. சென்சர் அளவை எண்ணாக்கும் ஏடிசிக்குக் (ADC) கொடுத்த டிஎம்ஏ எண்ணிக்கை பஃபரின் அளவைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.