மய்யித்தாகப் படுத்தவள் தூங்கிவிட்டாள்

அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போதுதான் எங்கள் திருவல்லிக்கேணியில் பெண்பிள்ளைகளுக்குக் கோடை முகாம் வைப்பார்கள். இந்த வருஷம் 10 நாள், 32 பேர். பிளஸ் டூ முடித்தவர்கள், காலேஜ் போகிறவர்கள். ஒரு மண்டபத்தின் மாடி. ஐந்து ஃபேனில் இரண்டு சுற்றாது. பாதிப் பேர் வீட்டில் உருது, மீதிப் பேர் தமிழ். அதனால் சிலருக்கு நான் பாஜி, சிலருக்கு அக்கா. என் வயதைச் சரியாகக் கணித்தவர்களுக்கு மாமி.

தஜ்வீத் (குர்ஆனைச் சரியாக ஓதும் முறை), சீரா (நபியவர்களின் வரலாறு), மேற்படிப்பு ஆலோசனை என்று அட்டவணை போட்டாயிற்று. நான் கேட்டது ஒரே ஒரு வகுப்பு: மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணியில் பொதிவது. "வயசுப் புள்ளைங்கம்மா, ராத்திரி பயந்துக்கும்" என்றார்கள் பெரியவர்கள். எங்கள் தெருவில் பெண்கள் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், கூப்பிடுவது ஒரே ஒரு நன்னியை, பாட்டியைத்தான். எழுபது தாண்டிவிட்டார், முட்டி வலி வேறு. மாடி வீடென்றால் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். சரி, ஏழாம் நாள் அஸர் தொழுகைக்கு (மாலைத் தொழுகை) அப்புறம் ஒரு மணி நேரம் என்று விட்டார்கள்.

வெள்ளைக் காடாத் துணி வாங்கிப் போனேன். பெண்களுக்கு 5 துணி. மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) பொறுத்து அடுக்கு கொஞ்சம் மாறும், நான் இரண்டு விதத்தையும் காட்டினேன். அந்த ஐந்தில் ஒன்று சட்டை. சட்டை என்றால் தையலே கிடையாது. நீளத் துணியை இரண்டாக மடித்துக் கழுத்துக்கு ஒரு கிழிப்பு, அவ்வளவுதான். நபியவர்களின் மகளைக் குளிப்பாட்டிய உம்மு அதிய்யாவின் ஹதீஸையும் சொன்னேன்: வலப்பக்கத்திலிருந்து தொடங்குவது, 3 அல்லது 5 என ஒற்றைப்படையாக ஊற்றுவது, இலந்தை இலை போட்ட தண்ணீர், கடைசித் தண்ணீரில் கற்பூரம், முடியை மூன்று பின்னலாகப் போடுவது. "ஷாம்பு போடலாமா பாஜி?" என்றாள் ஒருத்தி. நல்ல கேள்வி. இலந்தை இலை அழுக்கெடுக்கத்தானே? இப்போது பலரும் சோப்புதான் போடுகிறார்கள்.

மய்யித்தாக யார் படுப்பது என்றதும் ஒரு காலேஜ் பெண் குடுகுடுவென்று வந்து சுற்றுகிற ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டாள். மேலே ஒரு துணியைப் போர்த்தி, அது விலகாமல் அடியில் கைவிட்டுக் கழுவுவதைத் தண்ணீர் இல்லாமலே செய்து காட்டினேன். இடப்பக்கம் சாய்க்கிறேன், அசைவில்லை. வலப்பக்கம் சாய்த்தேன், மெல்லிய குறட்டை. முகாம் முழுக்கப் போனைக் கீழே வைக்காத ஒருத்தி மட்டும் சிரிக்காமல், கழுத்துக்கு எத்தனை விரற்கடை கிழிக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். ராத்திரி பயந்து அழுததாக எந்த வீட்டிலிருந்தும் போன் வரவில்லை.

போன வாரம் பக்கத்துச் சந்தில் ஒரு மவுத். நன்னியோடு அந்தப் போன்காரியும் இன்னொருத்தியும் போனார்கள். தண்ணீர் மொண்டு கொடுக்க மட்டும்தான் விட்டாராம், கபனைத் தொடவே விடவில்லையாம். என்னிடம் வந்து ஒரே புகார்.