தானமாகப் பெற முடியாத வயல்

கனடாக் குடியுரிமை பெற்று இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்த பிறகு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை நான் வாங்கினேன். அது கையில் இருந்தால் தமிழ்நாட்டில் எந்தச் சொத்தையும் என் பெயரில் வைத்துக்கொள்ளலாம் என்றே நானும் அப்பாவும் நம்பியிருந்தோம். தஞ்சை மாவட்டத்தில் உள்ள இரண்டு ஏக்கர் நன்செய்யைத் தம் கையாலேயே எனக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். பத்திர எழுத்தர் வரைவை எழுதி முடித்து, பதிவுக்கு நாளும் குறித்த நிலையில், தாய்ப்பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வழக்கறிஞர் என் குடியுரிமையை விசாரித்தார். வேலை அத்துடன் நின்றது.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019-இல் வெளியான விதிகளின்படி, ஓசிஐ அட்டைதாரர் வீடோ மனையோ வாங்கலாம், உறவினரிடமிருந்து தானமாகவும் பெறலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை மட்டும் விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசுரிமையாக வந்தால் தடையில்லை. தாம் உயிரோடு இருக்கையில் கொடுத்தால் செல்லாது, காலத்துக்குப் பின் வந்தால் செல்லும் என்பதை அப்பாவுக்கு எடுத்துச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. விளைநிலத்துக்கு இத்தகைய காப்பு வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெற்றவர் பிள்ளைக்குத் தருவதையும் விலைக்கு வாங்குவதையும் விதி ஒன்றாக நிறுத்தியிருப்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்பா உயில் எழுதிப் பதிவு செய்தார். மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்ததும், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உயில் ஆகியவற்றை வைத்துப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. என்னால் அங்கே தங்க இயலாததால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகாரப் பத்திரத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். கெடு முடியச் சில நாள்களே இருந்தபோதுதான் இது எங்களுக்குத் தெரிந்தது.

பட்டா என் பெயருக்கு வந்த சில மாதங்களில், பெரியப்பா மகன் பக்கத்து வயலை விற்க முன்வந்து என்னைத்தான் முதலில் கேட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான், ஆயினும் அதை வாங்க எனக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டேன். என் வயலை விற்பதானாலும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க முடியும். அந்தப் பணம் வெளிநாட்டில் வாழ்வோரின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கான என்ஆர்ஓ கணக்கில் சேர்ந்த பிறகு, உரிய வரியும் படிவங்களும் முடித்து, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். எனக்கு இப்போது விற்கும் எண்ணமில்லை. தங்கை கேட்டால் எழுதிக் கொடுப்பேன். அவள் இந்தியக் குடிமகளாக அங்கேயே வாழ்வதால் அவளுக்கு இந்தத் தடை ஏதுமில்லை.