‘ஸ்மால்’ சைஸ் இல்லாத கப்பல்கள்

ஒரு சரக்குக் கப்பல் பெண் மாலுமிக்குத் தயாராக இருக்கிறதா என்பதைப் பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் நின்றபடியே சொல்லிவிடலாம். சாமான் கேட்டு அந்தக் கப்பலிலிருந்து வரும் ஆர்டரைப் பார்த்தால் போதும். பாய்லர் சூட் என்ற முழு உடல் வேலை உடை எல்லாம் எல், எக்ஸ்எல். சேஃப்டி ஷூ பெரிய அளவுகளில் மட்டும். கையுறை ஒரே அளவு. அதே கப்பலில் பெண் கேடட் (பயிற்சி அதிகாரி) ஒருவர் சைன் ஆன் செய்து வேலையில் சேரவிருப்பது ஏஜென்டுக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியும். ஆர்டர் எழுதுகிறவருக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கப்பல் நிறுவனங்களின் உலக அமைப்பான பிம்கோவின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகக் கப்பல்களில் சான்றிதழ் பெற்ற பெண்கள் 24,059 பேர், மொத்தத்தில் 1.28 சதவீதம். இவர்களில் பெரும்பங்கு பயணிகள் கப்பல்களில்தான். ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் பியரில் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளில் சீருடையில் பெண்களைப் பார்க்கலாம். கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில், கன்டெய்னர் கப்பலில் ஏறும் படிப்பாலத்தில் (கேங்வே), எப்போதாவது ஒருவர்.

அளவு என்பது அழகுக்கான விஷயம் இல்லை. கடல் பயண உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் விதிப்படி ‘அடல்ட்’ லைஃப் ஜாக்கெட் 43 கிலோவுக்கும் 155 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டவர்களுக்கானது. நம் பெண்களில் 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்கள் ஏராளம். விதியின் கணக்கில் அவர்கள் ‘சைல்ட்’ வரிசை. பொருந்தாத ஜாக்கெட் தண்ணீரில் மேலேறி முகத்தை மறைக்கும். குளிர்ந்த கடல்நீரில் உடலைக் காக்கும் இமெர்ஷன் சூட்டை யார் உதவியும் இல்லாமல் 2 நிமிடத்தில் போட வேண்டும். பெரிய சூட்டில் விரல் கையுறையின் நுனிக்கு எட்டாது, ஜிப்பை இழுக்க முடியாது, முகத்தைச் சுற்றி இடைவெளி விட்டுத் தண்ணீர் உள்ளே வரும். எனவே சைன் ஆன் படிவத்திலேயே உயரம், எடை, மார்பளவு, ஷூ அளவு கேட்டு, ஆள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் போட வேண்டும். ஏறிய முதல் நாளே போட்டுப் பார்க்க வேண்டும், பாதுகாப்பு ஒத்திகை (டிரில்) வரும்வரை காத்திருக்கக் கூடாது. பாதுகாப்புச் சாதனம் அவரவர் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பது 2024 டிசம்பர் 23 முதல் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இனி அது சலுகை இல்லை.

அடுத்தது யாரும் பேசக் கூசுகிற கழிவறை. கழிவை உறிஞ்சி இழுக்கும் வேக்யூம் டாய்லெட்டின் குழாய் மெல்லியது, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். அதில் நாப்கின் போனால் ஊறிப் பெருத்து வால்வில் சிக்கும். அந்த வரிசை கேபின்கள் அத்தனைக்கும் வேக்யூம் போய்விடும். குழாயைக் கழற்றும் பிட்டர் (பழுது பார்ப்பவர்) முணுமுணுப்பார், சாப்பாட்டு அறையில் பேச்சு கிளம்பும். தவறு அந்தப் பெண்ணுடையது அல்ல, மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்றை வைக்காதவருடையது. நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது, கடலில் போட, கடல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போல் எங்கும் அனுமதிப்பதில்லை. தொட்டி, அதற்குத் தனிப் பை, பிளாஸ்டிக் கழிவோடு கரையில் இறக்கும் ஏற்பாடு, கப்பல் ஸ்டோரில் சில மாதத்துக்கு இருப்பு: மொத்தச் செலவு ஒரு பெயின்ட் டின்னுக்குக்கூட வராது.

கேபின் கதவும் அப்படித்தான். உள்தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும். மாஸ்டர் சாவி யாரிடம் இருக்கிறது, எடுத்தால் கையெழுத்து வாங்குகிறார்களா என்று பாருங்கள். இரவில் கதவு தட்டப்படுவது பற்றிய புகார்கள் சாவிப் பதிவேடு இல்லாத கப்பலில் நிரூபிக்க முடியாமல் போகின்றன.

அன்பினால் வரும் இடைஞ்சலும் உண்டு. “தங்கச்சி, அது கனமான கயிறு, நீ மேலே போய் பேப்பர் வேலையைப் பாரு” என்று நம்ம ஊர் போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) அண்ணன் சொல்வது நல்லெண்ணம்தான். ஆறு மாதம் கழித்து டிரெய்னிங் ரெக்கார்டு புத்தகத்தில் மூரிங் (கப்பலைக் கயிற்றால் கட்டுவது), சரக்கு வேலை, டேங்க் பக்கங்கள் காலியாக இருக்கும். கயிறு இழுக்கத் தெரியாத ஆபிசர் என்ற பெயரும் அவள் தலையில்தான் விழும். ஆண் கேடட்டுக்கு எந்த வேலையோ அதே வேலை, அதே மேற்பார்வை; வேறு உபகாரம் வேண்டியதில்லை.

ஓய்வு நேரம் ஆண், பெண் இருவரையும் சாய்க்கும் விஷயம். விதிப்படி 24 மணி நேரத்துக்குள் 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு. அன்றாட ஓய்வை இரண்டு பகுதிக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒன்று 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூர் என்று துறைமுகம் துறைமுகமாகத் தாவும் கப்பலில் இது தாளில் மட்டும் நடக்கிறது. மாதக் கடைசியில் ஒரே பேனாவில் நிரப்பிய தாள் பார்த்தவுடன் தெரியும். ஓய்வுத் தாளைக் கப்பலின் அன்றாடப் பதிவேடான டெக் லாக்கோடும் எண்ணெய் ஏற்றிய பதிவோடும் ஒப்பிடுங்கள். பங்கர் (எரிபொருள்) குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அதே மணியில் தூங்கியதாக எழுதியிருக்கும். அசதியும் அத்துமீறலும் ஒரே கப்பலில் சேர்ந்தே காணப்படுவது ஆச்சரியமில்லை, இரண்டையும் மறைப்பது அதே நிர்வாகம்தான்.

புகாருக்கு வழி இருக்கிறது, தெரியாதவர்கள்தான் அதிகம். கப்பலில் ஏறும்போதே புகார் நடைமுறையின் பிரதி எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். ரகசியமாக ஆலோசனை சொல்லும் ஒருவரின் பெயரும் அதில் வேண்டும். அந்த ஒருவர் கேப்டனாகவே இருந்தால் கேப்டன்மீது புகாரை யாரிடம் சொல்வது? கரையில் கம்பெனி நியமித்துள்ள பாதுகாப்புப் பொறுப்பாளரான டிபிஏவின் எண்ணை வாங்கி வையுங்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலிலிருந்தும், மலேசியத் துறைமுகத்தில் நிற்கும்போது ஜபாத்தான் லாவுட் (கடல்துறை) அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். புகார்தாரரின் பெயரைக் காப்பது அவர்கள் கடமை. தேதி, மணி, இடம், அருகில் இருந்தவர் எனக் குறிப்பு எழுதுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரம் குறைவு, அதனால் வரும் வழியிலேயே ஏஜென்டுக்கு ஒரு செய்தி போட்டுவிடுவது நல்லது.