பென்டிரைவில் ஏறாத லோரிகள்

மலேசியாவின் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றுக்கு எடை மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். லோரி குலையோடு தராசில் ஏறும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொன்று. கழித்து வருவதற்குத்தான் காசு. அங்கே ஒரே கணினி, ஒரே கிராணி அக்கா.

எடைகளைச் சேமித்து வைக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம்தான். ஆனால் பின்னணியில் ஓடும் அதன் சர்வீஸ் ஒரு காலையில் மக்கர் செய்தால் அக்கா என்ன செய்வார்? நான் ஈப்போவிலிருந்து போய்ச் சேர்வதற்குள் லோரிகள் ரோடு வரை நின்றுவிடும். பழைய மென்பொருள் மைக்ரோசாஃப்டின் இன்னொரு டேட்டாபேஸான அக்சஸில் ஓடியது. அதன் கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது, இடி மின்னலில் கரண்ட் போனால் கோப்பு கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அதனால் எஸ்க்யூஎல்லைட் என்ற டேட்டாபேஸ். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது. தனியாக நிறுவ எதுவும் இல்லை, தரவெல்லாம் ஒரே கோப்பில். பார்த்துக்கொள்ள ஆளில்லாத மேசைக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த 'ஒரே கோப்பு' விஷயத்தில்தான் சிக்கல் வந்தது.

சாயங்காலமானால் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுப்பது அக்காவுக்கு அக்சஸ் காலத்துப் பழக்கம். ஒருநாள் போன் வந்தது. “தம்பி, சீட்டெல்லாம் அச்சாயிருக்கு, கணினியிலயும் இருக்கு. பென்டிரைவுல மட்டும் இந்த வாரம் வந்த லோரி ஒண்ணையும் காணோம்பா.” வைரஸ் என்றார் முதலாளி. புது பென்டிரைவ் வாங்கியும் அதே கதை.

போய் ஃபோல்டரைத் திறந்தேன். டேட்டாபேஸ் கோப்பின் தேதி போன வாரத்தில் நின்றிருந்தது. பக்கத்திலேயே அதே பெயரோடு டபிள்யூஏஎல் என்று முடியும் சின்னக் கோப்பு. அதன் நேரம் சற்றுமுன் போன லோரியின் நேரம்.

அறிக்கை எடுக்கும்போது எடைப்பதிவு நிற்கக் கூடாது என்பதற்காக, 2010-இல் எஸ்க்யூஎல்லைட்டில் வந்த இந்த டபிள்யூஏஎல் முறையில்தான் ஓடவிட்டிருந்தேன். புதுப் பதிவு முதலில் பக்கத்துக் கோப்புக்குப் போகும். அதில் 1000 பக்கம் (டேட்டாபேஸ் தரவைப் பிரித்து வைக்கும் துண்டு), அதாவது சுமார் 4 எம்பி சேர்ந்ததும் பிரதான கோப்பில் கலக்கும். இல்லையென்றால் மென்பொருளை மூடும்போது கலக்கும். இங்கே ஒரு நாளைக்கு வரும் லோரிகளுக்கு 4 எம்பி லேசில் சேராது. மென்பொருளையும் யாரும் மூடுவதில்லை. அக்கா திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்.

பதிவு எதுவும் தொலையவில்லை, நகல்தான் அரைகுறை. நகலெடுக்க ஒரு பொத்தான் வைத்தேன். உள்ளே ‘வேக்யூம் இன்டூ’ கட்டளை. மென்பொருள் ஓடும்போதே முழு நகல் எடுக்கும். நகலைச் சரிபார்த்த பிறகே திரையில் பச்சை விழும். பச்சை விழாமல் பென்டிரைவைப் பிடுங்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

அப்புறம் முதலாளி, கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்தால் தன் அறையிலிருந்தே பார்க்கலாமே என்றார். முடியாது என்றேன். டபிள்யூஏஎல் முறையில் கோப்பைத் தொடும் மென்பொருள் எல்லாமே ஒரே கணினியில் இருந்தாக வேண்டும். சாயங்கால நகலே போதும் என்று அரைமனதாக ஒத்துக்கொண்டார்.